கடைசி நிறுத்தத்துக் கடை: ஒறம்பரையாகப் போகிறவர்கள் படிக்கவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊருக்குள் "அக்கா கடை", பேருந்து நடத்துநருக்கு "லாஸ்ட் ஸ்டாப் கடை". கடம்பூர் மலையில், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு உள்ளே, தார் ரோடு முடிந்து மண் ரோடும் போதும் என்று நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாலு கார் கிளம்பி வந்து, யானை எங்கே நிற்கும் எத்தனை மணிக்கு வரும் என்று அக்கா உயிரை எடுப்பார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் உங்கள் பிள்ளையோ தங்கையோ பாடம் சொல்லிக் கொடுக்கவோ மருத்துவ முகாமுக்கோ போய்த் தங்கியிருந்து, அவர்களைப் பார்க்க நீங்கள் போவதாக இருந்தால் உங்களுக்குத்தான் இது. உங்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும்.

நான் ஜூன் 2023 முதல் மறு ஏப்ரல் வரை அங்கே இருந்தேன். ஊராளி, சோளகர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் பஞ்சாயத்து டிவி அறையில் (டிவி இல்லை, அறை மட்டும்தான்) கணக்கும் வாசிப்பும். சம்பளம் இல்லாத வேலை, சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் பணம் வரும். அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் இந்தக் கடைக்குப் போனது, அதனால் குறை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

குறையில் இருந்தே ஆரம்பிக்கிறேன். தேநீரில் சர்க்கரை, கேட்கவே வேண்டாம். சர்க்கரை கம்மியாக என்று சொன்னால் அக்கா தலையாட்டிவிட்டு அதே கரண்டியால் அதே அளவைத்தான் போடுவார். பால் கீழிருந்து வராத நாளில் பால் பவுடர், அதையும் சொல்ல மாட்டார், நாக்குதான் சொல்லும். பிஸ்கட் பாக்கெட்டை வாங்குமுன் தேதி பார்த்து வாங்குங்கள், நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கி, பிள்ளைகள் முன்னால் பிரித்து, ஒரு கடியிலேயே ஊறிப்போன அட்டை மாதிரி இருக்க, ஒரு வாண்டு "டீச்சர் இது போன வருசத்துது" என்று சிரித்தான். அவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. சோப்பு, எண்ணெய், தீப்பெட்டி எல்லாவற்றிலும் அச்சடித்த விலைக்கு மேலே ஒன்றிரண்டு ரூபாய். கேட்டால் "மேல ஏத்திக் கொண்டாரோணுமல்ல கண்ணு". நியாயம்தான், ஆனாலும் ஒரு ரூபாய் மிட்டாயைக்கூடவா ஏற்றிக்கொண்டு வருவதாகக் கணக்கு வைப்பது என்று முதல் மாதம் முணுமுணுத்தேன். சில்லறைக்குப் பதில் மிட்டாய் வேறு. விறகடுப்புப் புகை மொத்தமும் உட்காருகிற பெஞ்சுப் பக்கம்தான் வரும். கழிப்பறை இல்லை, இதைக் கீழே இன்னொரு இடத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

இனி வடை. அக்காவின் சொந்த ஊர் கீழே கே.என்.பாளையம் பக்கம், கல்யாணமாகி மலையேறியவர், பேச்சு சுத்தமான கொங்குப் பேச்சு. "வெடியால வந்தா வடை, பொழுதோட வந்தா வெறும் டீத்தண்ணி" என்பார். வெடியால என்றால் காலை, பொழுதோட என்றால் சாயங்காலம். காலை ஐந்தரைக்கு முதல் ஈடு. இரவு அங்கேயே நிற்கிற பேருந்து ஆறு மணிக்குக் கிளம்பும், அதன் ஓட்டுநரும் நடத்துநரும் கடைத் திண்ணையிலேயே படுத்து எழுந்தவர்கள், அவர்களுக்குத்தான் முதல் வடை. பருப்பு வடை, உள்ளே சோம்பு கிடையாது, பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் மட்டும், வெளியே கரகரவென்று இருக்கும். ஏழு மணிக்கு மேல் போனால் தட்டில் எண்ணெய்க் காகிதம்தான் கிடக்கும். இந்த வடைக்கு மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன்.

மதியம் பத்துப் பேருக்குத்தான் சாப்பாடு, அதுவும் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ராகிக் களி, கூடவே கொள்ளோ தட்டைப்பயறோ கீரையோ எது இருக்கிறதோ அது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் அக்காவுக்கு அலுப்பாக இருக்கிற நாள், அரிசிம்பருப்பு. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் சாம்பார் சாதம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். குழையாமல், புளி இல்லாமல், பூண்டும் சின்ன வெங்காயமும் வாசம் வீச, மேலே ஒரு கரண்டி நெய் விட்டுச் சாப்பிட வேண்டியது. அக்கா நெய்யை எண்ணி ஊற்றுவார், அது தனி வருத்தம்.

இதெல்லாம் எந்த ஊர்க் கடையைப் பற்றியும் எழுதலாம். இந்தக் கடையின் உண்மையான சேவை கிழக்குத் தூணில் இருக்கிறது.

அந்தத் தூணில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு பழைய மஞ்சள் பை. போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் ஒரு கோடு சிக்னல் வரும், கையில் பிடித்தால் போய்விடும். ஊரில் இன்னொரு இடம் உண்டு, மேட்டில் ஒரு பாறை, அங்கே இரண்டு கோடு வரும், ஆனால் பாறைக்குப் போகிற வழி உண்ணிச்செடிப் புதருக்குள்ளே, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அங்கே போகிறவர் யாரும் இல்லை. அதனால் எல்லோரும் பைதான். போன் பைக்குள் இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடியும். அதாவது என் அம்மா கும்பகோணத்தில் இருந்து பேசுவதை, மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வந்தவர், மூன்று கிழவர்கள், அக்கா, அக்காவின் நாய் அத்தனை பேரும் கேட்பார்கள். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. இரண்டாம் மாதத்தில் அம்மா என்னைக் கேட்கிற கேள்விக்கு அக்காவே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "சாப்பிட்டாளா?" "சாப்ட்டுதுங்கம்மா, ஆனா களி இன்னும் முழுசா முழுங்கத் தெரியலீங்க." இப்படி.

ஆகஸ்டில் அம்மாவும் அப்பாவும் முதல்முறை வந்தார்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே கடை முழுக்க ஒரே கேள்வி: "டீச்சருக்கு ஒறம்பரை எப்ப வர்றாங்க?" ஒறம்பரை என்ற சொல்லை நான் அங்கேதான் முதலில் கேட்டேன். விருந்தாளி, உறவுக்காரர், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்களுக்கு இதற்கு ஒற்றைச் சொல் இல்லை என்று நினைக்கிறேன்.

கும்பகோணத்தில் இருந்து வருகிறவர்களுக்கு வழி இதுதான்: மயிலாடுதுறை - கோவை ஜனசதாப்தியில் ஈரோடு, அங்கிருந்து கோபி வழியாகச் சத்தியமங்கலம், ராத்திரி அங்கே தங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இருட்டில் மலையேறுவது எல்லாம் ஆகாத காரியம். காலையில் கே.என்.பாளையம் வழியாக மலைப்பாதை, மல்லியம்மன் கோயில் தாண்டிக் கடம்பூர், அதற்கப்புறம் எங்கள் பேருந்து. அப்பா பேருந்தில் இருந்து இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. வளைவுகளால் இல்லை, அவர் தலைமுறைக்குச் சத்தியமங்கலம் காடு என்றால் வீரப்பன், அவ்வளவுதான். 2000ல் தாளவாடிப் பக்கம் தொட்ட காஜனூரில் இருந்து நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போனது, 108 நாள் கழித்து விட்டது, தினமும் பேப்பரில் படித்தது, எல்லாவற்றையும் பேருந்திலேயே பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த ஆள் 2004லேயே போய்ச் சேர்ந்துவிட்டான் அப்பா, இப்போது இங்கே யானைக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். கடையில் உட்கார்ந்தும் அதே பேச்சை எடுத்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்த பெரியவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் எழுந்து போய்விட்டார். அக்கா அப்பாவின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றி, "மழை உண்டுங்களா உங்க பக்கம்" என்றார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போகிறவர்களுக்கு இதையும் சேர்த்தே சொல்லி வைக்கிறேன், அங்கே அதைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் கெடுபிடிக்கு நடுவில் வாழ்ந்தவர்கள் அவர்கள், நமக்குத்தான் அது கதை.

மதியம் களி. அப்பா சோற்றைத் தவிர வேறெதையும் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாத ஆள். ஒரு வாய் எடுத்து மென்றார். மெல்லக் கூடாது, சின்னதாகக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும், மென்றால் பல்லிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாது. அக்கா முன்னால் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல, "மெல்லாதீங்க சாமி, முழுங்குங்க, தொண்டைக்குத் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி ஓர் உருண்டையை முழுசாக முடிக்க வைத்தார். ஓர் உருண்டை என்றால் எலுமிச்சம்பழ அளவு இல்லை, கிரிக்கெட் பந்துக்கு மேலே. சாயங்காலம் வரை பசிக்கவில்லை என்று அப்பா ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழிப்பறை விஷயம் இங்கேதான் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் தங்கியிருந்த வீட்டிலும் இந்தியன் கழிப்பறைதான், தண்ணீர் குடத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடையில் அதுவும் கிடையாது. பேருந்தில் மூன்று மணி நேரம் வந்த பெரியவர்கள் இறங்கியதும் எங்கே போவார்கள்? அக்கா யார் வீட்டுக்காவது அழைத்துக்கொண்டு போவார், முகம் சுளிக்க மாட்டார்தான், ஆனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கடம்பூரிலேயே வேலையை முடித்துக்கொண்டு ஏறுவது நல்லது. இதற்கு அரை நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அப்பா ஒரு காரியம் செய்தார். என் பற்று நோட்டைக் கேட்டார். அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு, ஆளுக்கு ஒரு பக்கம், சிலருக்குப் பெயர், சிலருக்கு அடையாளம். பயிருக்குக் காவலாகப் பரண் மேல் இருக்கிற பரண் தாத்தாவின் பக்கத்தில் ஒரு ஏணி வரைந்திருக்கும். என் பக்கத்தின் மேலே "டீச்சர்" என்று எழுதி, சரியான "ச்" போட்டிருந்தார், என் மாணவி ஒருத்திதான் எழுதிக் கொடுத்தாளாம். பாக்கி 340 ரூபாய். அப்பா ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. "அது டீச்சர் கணக்குங்க. டீச்சர்தான் குடுக்கோணும். நீங்க குடிச்ச டீக்கு நீங்க குடுங்க." அப்பா மூன்று பேர் சாப்பாட்டுக்கும் தேநீருக்குமாக 150 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அப்போது கொஞ்சம் ஏமாற்றம்தான், பொய் சொல்வானேன், 340 ரூபாய் எனக்கு அந்த மாதம் பெரிய தொகை. ஆனால் பேருந்து ஏறும்போது அப்பா என்னிடம் பேசிய விதம் மாறியிருந்தது. அதுவரை, இன்னும் எத்தனை நாள் இந்த விளையாட்டு என்கிற மாதிரிதான் பேசுவார். அன்றைக்கு, "கணக்கைச் சேர விடாதே, மாசாமாசம் தீர்த்துடு" என்றார்.

நவம்பரில் அத்தையும் தம்பியும் வந்தது வேறு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் காட்டாற்றைப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர்ப் பள்ளம், சக்கரைப் பள்ளம் என்று இரண்டு உண்டு, மழைக்காலத்தில் பேப்பரில் வரும். எங்களுடையது பேப்பரில் வராத பள்ளம். ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள், மழை பிடித்து, பள்ளத்தில் செந்தண்ணீர் ஓடி, பேருந்து அக்கரையிலேயே நின்றுவிட, மூன்று நாள் இருந்தார்கள். அத்தைக்கு நாளன்றைக்கு முகூர்த்தம் ஒன்று இருந்தது. அக்காவைப் பார்த்து ஏதோ அவர்தான் மழையைப் பெய்ய வைத்த மாதிரி கேட்கிறார், தண்ணீர் எப்போது வடியும் என்று. "சித்தெ இருங்க, பள்ளம் கேட்டாத்தான் போகோணும்" என்று பதில்.

அன்று ராத்திரி மக்காச்சோளக் காட்டில் யானை. பரண் மேலிருந்து கூச்சல், தகரம் தட்டுகிற சத்தம், வெடி. அத்தை பாதித் தூக்கத்தில், "தீபாவளி முடிஞ்சு பத்து நாள் ஆச்சே, இன்னும் என்ன வெடி" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். காலையில் விஷயம் தெரிந்த பிறகுதான் காய்ச்சலே வந்தது. எனக்கு அந்தப் பதினோரு மாதத்தில் யானையைக் கண்ணால் பார்த்தது நாலு முறை, புலி ஒரு முறைகூட இல்லை, சத்தம் மட்டும் கணக்கில்லை. அறுவடை சமயத்தில் அக்கா உப்பு மூட்டை, வெல்லம், அரிசி எல்லாவற்றையும் ராத்திரி உள் அறைக்குள் தூக்கி வைத்துவிடுவார், வாசனைக்கு வந்து கதவை முட்டும் என்று. அதனால் அந்த மாதங்களில் பொழுதோட நாலரைக்கே கடை மூடிவிடும். அத்தை தலைவலி மாத்திரை வேண்டும் என்று ஐந்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டி, கிடைக்காமல் திரும்பி வந்தார். பக்கத்திலேயே குடியிருக்கிறவர், ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் என்ன என்று எனக்குக் கோபம். இப்பவும் அந்தக் கோபம் கொஞ்சம் இருக்கிறது. அந்த மூன்று நாளும் தம்பிக்கு ஒரு கம்பளி கொடுத்து, ராத்திரிக்கு இருபது ரூபாய் என்று வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். புகை வாசம் அடிக்கிற கம்பளி. ஆனால் வெளியே இருந்து எதுவும் வராத அந்த நாட்களில் அரிசி, பருப்பு, தேநீர் எதிலும் ஒரு ரூபாய் ஏற்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு அம்மா மட்டும் தனியாக வந்து ஒன்பது நாள் இருந்தார். முழங்கால் வலியோடு, பஸ் மாறி மாறி, நான் எவ்வளவு வேண்டாம் என்று சொல்லியும். ஜனவரி என்றால் மலையில் அவரைக்காய்க் காலம். கடைத் திண்ணையில் காலை பத்து மணிக்குச் சாக்கைக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். கொட்டையைத் தண்ணீரில் ஊற வைத்து, விரலால் பிதுக்கி மேல் தோலை எடுத்துவிட்டுக் குழம்பு வைத்தால், அதுதான் களிக்கு ராஜா. அம்மா இரண்டாம் நாளே போய் உட்கார்ந்துவிட்டார். நான் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன், திண்ணையில் இருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்கும். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என்ன பேசினீர்கள் என்றால், "உனக்கு எதுக்கு".

ஐந்தாம் நாள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. அம்மா தேநீர்ப் பட்டறையில் நின்றார். கும்பகோணத்துக்காரர் கையில் பட்டறை போனால் என்ன ஆகும்? டிக்காஷன் திக்காக, சர்க்கரை அளவாக, நுரை பொங்க ஆற்றி, எனக்குப் பதினோரு மாதத்தில் கிடைத்த ஒரே உருப்படியான தேநீர். மற்ற எல்லோரும் டம்ளரைத் திருப்பி நீட்டினார்கள். "சர்க்கரை பத்தலீங்கம்மா." ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரும். அம்மாவுக்கு முதலில் அவமானம், அப்புறம் ஒரு பெரியவர்தான் சொன்னார்: ராத்திரி முழுக்கப் பரணில் காவல் இருந்து இறங்கி வருகிறோம், நேராகக் காட்டு வேலை, பதினொரு மணி வரைக்கும் வயிற்றுக்கு இந்த டீதான். அம்மா மறுபேச்சு பேசாமல் அக்காவின் கரண்டியை எடுத்து இரண்டு இரண்டாகப் போட்டார். சர்க்கரைக்காக நான் குறைத்து வைத்திருந்த அரை நட்சத்திரத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிஸ்கட்டுக்குக் குறைத்தது அப்படியே இருக்கிறது.

ஆக, ஐந்துக்கு நாலு.

போகிறவர்களுக்குச் சில விவரம். நான் இருந்தபோது தேநீர் பத்து ரூபாய், வடை ஐந்து, களி ஒரு தட்டு முப்பது, இப்போது ஏறியிருக்கலாம். போனில் பணம் அனுப்புவது நடக்காது, பைக்குள் இருக்கிற போனில் யார் ஸ்கேன் செய்வது. பத்து, இருபது ரூபாய்த் தாளாகக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் ஜேப்பு நிறைய மிட்டாயோடு இறங்குவீர்கள். சாப்பாடு வேண்டும் என்றால் உங்கள் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் போனால் திரும்பி வருகிற தேதியில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிஸ்கட், மாத்திரை, நல்ல காப்பித்தூள் கையோடு கொண்டுபோங்கள், பழத்தைப் பையில் மூடி வையுங்கள், குரங்கு பேருந்து ஜன்னலுக்கே வரும்.

அக்காவுக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டும் என்று தோன்றினால் புடவை, பாத்திரம் எல்லாம் வேண்டாம், வாங்க மாட்டார். வெற்றிலை வாங்கிப் போங்கள். மேலே வந்து சேர்வது வாடி மஞ்சள் பூத்த இலைதான், அதையும் நாலு நாள் ஈரத் துணியில் சுற்றி வைத்துப் போடுவார். அம்மா பொங்கலுக்கு வந்தபோது கும்பகோணம் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி கொண்டுவந்தார். 2025ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அந்த ஒரு கவுளியை அக்கா திண்ணையில் அவரை உரிக்க வந்த அத்தனை பேருக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஆறு இலை எடுத்து வைத்துக்கொண்டார். வாழை மட்டையில் சுற்றி, மேலே ஈரத் துணி போட்டு எடுத்துப் போனால் இரண்டு நாள் தாங்கும்.